அரிசி டப்பாவில் அம்மா

மார்கழிப் பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நீலமாகிவிட்டது.

சுவிட்சைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பல் விளக்கப் போயிருந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். திரை முழுக்க ஒரே நீலம். அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடி எழுத்துகள், நுரை மாதிரி. ஒரு நிமிஷம் கடல்தான் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன். கச்சால்காரிக்கு வேறு என்ன தோன்றும்?

எங்கள் அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து, கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்ட ஜனங்கள் நாங்கள். சுனாமி வந்த வருஷம் என் வீட்டுக்காரருக்குப் போர்ட் பிளேர் ஆபீசுக்கு மாற்றல் ஆகியிருந்தது. கடல் வந்தபோது நாங்கள் இங்கே போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் குடியேறி ஆறு மாசம் ஆகியிருந்தது. அம்மா மட்டும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். கடல் அம்மாவையும் கொண்டுபோயிற்று, லயத்தையும் கொண்டுபோயிற்று, வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த படங்களையும் கொண்டுபோயிற்று.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். சிப்பிகாட், ரங்கத் என்று எங்கள் ஜனம் இருக்கும் இடமெல்லாம் அலைந்தார். யாரிடம் எந்தப் படம் மிச்சம் இருந்தாலும் வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் முந்நூறு படத்துக்கு மேல் சேர்ந்தது. அதில் ஒன்றில் என் அம்மா இருந்தாள். யாருடைய கல்யாணமோ. கூட்டத்தின் ஓரத்தில், கையில் தாம்பாளத்தோடு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அந்தக் காகிதப் படம் அடுத்த மழையில் பூஞ்சை பிடித்து உதிர்ந்துபோயிற்று. இனி என் அம்மாவுக்கு இந்த உலகத்தில் முகம் என்று ஒன்று இருந்தால், அது அந்தப் பெட்டிக்குள்தான்.

கடல் வந்தது ஒரு மார்கழிப் பௌர்ணமியன்று. அதனால் அந்தத் திதிக்கு எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்குத்தான் படையல். ரங்கத்திலிருந்துகூட உறவுக்காரர்கள் பஸ் ஏறி வருவார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு அதன் முன்னால் உட்காருவார்கள். திரைக்கு மாலை. ஓரத்தில் சந்தனம், குங்குமம். கீழே இலையில் கோதுமை ரொட்டி, சம்பல், பால் இல்லாத தேத்தண்ணி. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு படமாகத் தள்ளுவார். அவரவர் ஆள் வரும்போது அவரவர் அழுவார்கள். அழுது முடித்ததும், "சரி மாமா, அடுத்தது போடுங்க" என்பார்கள்.

அந்தப் பெட்டிதான் இப்போது நீலமாக நிற்கிறது.

"என்னாங்க, இங்க வாங்களேன். பெட்டி ஒரு மாதிரியா இருக்கு."

வாயில் நுரையோடு வந்தார். பார்த்தார். நுரையை விழுங்கிவிட்டார்.

"தொட்டியா?"

"தொடைச்சேன். நேத்து."

"ஈரத் துணியா?"

"காஞ்ச துணிதாங்க. உங்க பழைய பனியன்."

"அப்ப அது இல்ல." கொஞ்சம் யோசித்தார். "போன தெவசத்துக்கு சாம்பிராணி காட்டுனியே. அந்தப் புகைதான். ஃபேன் வழியா உள்ள போயி தங்கிருச்சு. இப்ப வேலையக் காட்டுது."

"பதினோரு மாசமாவா பொகை உள்ளயே இருந்துச்சு?"

"ஒனக்குப் புரியாது ஜெயமணி. இது சிஸ்டம்."

என் கையாலேயே அம்மாவுக்குப் புகை போட்டுவிட்டேனா? அவர் அணைத்துப் போட்டார். நீலம். மறுபடி அணைத்துப் போட்டார். இந்த முறை கறுப்பு. உள்ளே எங்கோ டிக், டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

"சந்து முனையில தமிழரசி கடை இருக்குல்ல, அவளக் கூப்பிடலாமா?"

"அந்தப் புள்ளையா? ரங்கத்துல மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு ஓடுனது எனக்குத் தெரியும்."

"அவளுக்கு இப்ப முப்பது வயசுங்க. ஊருல பாதிப் பேரு கம்ப்யூட்டரு அவ கையிலதான்."

"வயசு பெருசில்ல. எக்ஸ்பீரியன்ஸ் வேணும்."

இவருடைய எக்ஸ்பீரியன்ஸ் பதினைந்து நாள். ஆபீசில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தபோது இவருக்கும் கொடுத்தார்கள். கடைசி நாள் ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற ஒரே காகிதம் அதுதான். முந்நூறு படத்தையும் காகிதத்தில் போட்டு மாட்டலாம் என்று நான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "காகிதம் அழியும், கம்ப்யூட்டர் அழியாது" என்பார், சர்டிபிகேட்டுக்கு அடியில் நின்றுகொண்டு.

"இந்தப் பௌர்ணமிக்குள்ள நானே சரி பண்ணுறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது" என்று சபதம் போட்டுவிட்டு, ஆபீசுக்கு ஒரு வாரம் லீவும் போட்டார்.

சாயங்காலம் யாரிடமிருந்தோ ஒரு சீடி வாங்கிவந்தார். மறுநாள் காலை காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார்.

"நாலு மணிக்கு மேல நல்லா இருக்கு. ஃபார்மட் அடிச்சுறலாம்."

ஃபார்மட். கேட்கவே பெரிய வார்த்தையாக இருந்தது. கறிவேப்பிலை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தமிழரசி கடைக்கு ஓடினேன். அவள் ஒரு வங்காளிப் பெரியவரிடம் "தோ மினிட், தாதா" என்று இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஃபார்மட்னா என்னாடி?"

"சிலேட்டத் தண்ணி போட்டுத் தொடைக்கிற மாதிரிக்கா. உள்ள ஒண்ணும் மிஞ்சாது. ஏன், யாரு பண்ணப் போறா?"

என் முகம் சொல்லியிருக்கும்.

கறிவேப்பிலை வாங்காமலே திரும்பி ஓடினேன். அவர் சீடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, ஃபார்மட் பண்ணுனா எல்லாம் போயிருமாம்ல."

"யாரு சொன்னா?"

"சும்மா... கேள்விப்பட்டேன்."

"ஃபார்மட்னா சுத்தம் பண்ணுறது. நீ வீட்டக் கூட்டுற. கூட்டுனா குப்பை போகும். வீட்டுல இருக்கிற மனுசங்களா போயிருவாங்க?"

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு, இவ்வளவு அழகாக ஒருவர் தப்பாகப் பேசும்போது என்ன சொல்வது என்று தெரிவதில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறாள். கூட்டினால் முதலில் போவது ஓரத்தில் இருப்பதுதான்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவர் ஒரு மணி நேரம் தூங்குவார். பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே. அந்த நேரத்துக்குப் பின்கதவுக்கு வா என்று தமிழரசிக்குச் சொல்லியனுப்பிவிட்டு மீன் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை சோறு போட்டேன். குறட்டை வந்ததும் பின்கதவைத் திறந்தேன். தமிழரசி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தோள்பையில் ஒரு திருப்புளியும், துணியில் சுற்றிய ஒரு பழைய டிஸ்கும்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

ஃபேன் நின்றால் இவர் மூன்று நிமிஷத்தில் விழித்துவிடுவார். விசிறியை எடுத்து வீசத் தொடங்கினேன். ஒரு கையில் விசிறி, ஒரு கையில் டார்ச். இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் வெளிச்சம். தமிழரசி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். முதல்முறையாக உள்ளே பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு பலகை, அதில் சின்னச் சின்ன வீடுகள், தெருக்கள், வரிசை வரிசையாக. மேலேயிருந்து பார்த்தால் எங்கள் லயங்களும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் விரல்கள் அந்த ஊருக்குள் சத்தமில்லாமல் போய் வந்தன. பட்டையான ஒயரை உருவினாள். நாலு திருகாணி. ஒரு தகரச் சாமானை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுதான்க்கா. எல்லாரும் இதுக்குள்ளதான்."

ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. முந்நூறு படத்து ஜனமும் அதற்குள். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

விசிறியை மறந்துவிட்டேன். குறட்டை நின்றது. பேப்பருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ரீஸ்டார்ட்டு..."

இரண்டு பேரும் சிலையானோம். நான் வேகமாக வீசினேன். மறுபடி குறட்டை. தமிழரசி கொண்டுவந்த டிஸ்கை உள்ளே மாட்டி, தகட்டை மூடி, போகும்போது வாசலில் என் காதில் கேட்டாள்: "அண்ணே இதை எப்படி அணைப்பாரு?"

"சுவத்துல இருக்கிற சுவிட்ச அணைப்பாரு. கரண்டு மிச்சம்னு."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதான் டிஸ்கு அடி வாங்கியிருக்கு. சாம்பிராணியெல்லாம் ஒண்ணும் பண்ணலக்கா."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கரண்டு வந்ததும், அவர் எழுந்திருக்கும் முன்னாலேயே டிஸ்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். டிஸ்கின் அடியில் இருந்த பலகையில் உப்பு பூத்திருக்கிறது என்று காட்டினாள். தீவுக் காற்று. ஏதோ மருந்து தொட்டு, பழைய பல் பிரஷ்ஷால் துடைத்தாள்.

"ரெண்டு நாள் நல்லாக் காயணும்க்கா. என் கடையில ஓதம். உங்க அடுப்படியில வைங்க. ஆனா சூடு ஆகாது, கீழ போடக்கூடாது, ஆட்டக்கூடாது."

"படம் வருமா?"

"பாப்பம்." அந்த ஒரு வார்த்தைதான்.

வீட்டில் எங்கே வைப்பது? அடுப்புப் பக்கம் சூடு. சாமித் தட்டில் விளக்கு. அலமாரிக்குள் ஈரம். கடைசியில் அரிசி டப்பாவுக்குள் துணியில் சுற்றி வைத்தேன். வைத்த பிறகு அரிசி எடுக்கக் கை வரவில்லை. டப்பாவை ஆட்டக்கூடாதே. மூன்று நாளும் ரொட்டிதான் சுட்டேன். ராத்திரியில் பல்லி கத்தினால் டிஸ்க்தான் கத்துகிறது என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நாலு மணிக்குச் சூடம் கொளுத்திவிட்டு ஃபார்மட் அடித்தார். திரையில் எண் ஏறியது. பதினாலு பர்சென்டில் தேத்தண்ணி கேட்டார். நாற்பதில் இன்னொரு தேத்தண்ணி. அம்மா அரிசி டப்பாவில் இருக்கிறாள் என்று தெரிந்தும், ஒவ்வொரு எண் ஏறும்போதும் போய் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். எண்பதில் கரண்டு போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து. மறுநாள் சீடி பாதியில் நின்றது. வேறு சீடி. கழுத்தில் துண்டு, காதில் பென்சில், சாப்பிடும்போதும் கண் அங்கேயே. பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பது எது என்றே தெரியாமல் ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட முடியுமா?

நாலாம் நாள் காலை பெட்டி உயிர் பெற்றது. பச்சை மேடு, நீல வானம், வெள்ளை மேகம்.

"பாத்தியா?" என்றார். மீசையைத் தடவிக்கொண்டார். "தமிழரசியாம், தமிழரசி."

"படத்தக் காட்டுங்க."

"காட்டுறேன், காட்டுறேன்."

சொடுக்கினார். ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் சொடுக்கினார். அங்கேயும் இல்லை. காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. பதினேழு வருஷமாக நான் பார்த்த முகம், அன்றைக்கு வேறு யாருடையதோ மாதிரி ஆயிற்று.

"என்னாங்க?"

"லோடு ஆகுது. நேரம் எடுக்கும். நீ போயி வேலையப் பாரு."

கால் கிலோமீட்டர் தூரத்தை அரிசி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி அடி பார்த்து நடந்தேன். தமிழரசி டிஸ்கைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் மாட்டினாள். டிக் என்றது. நின்றது. டிக். பிறகு உர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

ஒரு படம் வந்தது. பிறகு ஒன்று. பிறகு கொத்துக்கொத்தாக வரத் தொடங்கின. மழைக்குப் பிறகு காளான் முளைக்கிற மாதிரி, வெற்றுத் திரையில் மனிதர்கள் முளைத்தார்கள். கங்காணி தாத்தா. ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியோடு பெண்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கல்யாணக் கூட்டம். தமிழரசி ஓரத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பெரிதாக்கியதே இல்லை. அம்மா திரை முழுக்க வந்தாள். வேறெங்கோ பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை, நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரியாமல், உதட்டை மடித்து, அவளுக்கே உரிய அந்தச் சிரிப்பு.

நான் கை கூப்பினேன். தமிழரசிக்கா, அம்மாவுக்கா, அந்தத் தகரத்துக்கா, தெரியவில்லை.

"இதையெல்லாம் காகிதத்துல போட்டுக் குடு தமிழு. கடல் வந்தாலும் கரண்டு போனாலும் எனக்குச் சுவத்துல வேணும்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. போர்வையில் சுற்றிய பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இறங்கினார்.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். டப்பா மடியில்.

"தமிழரசி, தாயி" என்றார். தாயியாம். நாலு நாளில் மூக்கொழுகல் தாயியாகிவிட்டது. "ஒரு சின்ன மிஸ்டேக்கு நடந்துபோச்சு. சிஸ்டம் நல்லா ஓடுது. உள்ளதான் ஒண்ணும் இல்ல."

"என்னண்ணே பண்ணீங்க?"

"கூட்டிப்புட்டேன்மா." குரல் உடைந்துவிட்டது. "அவ அம்மா படம் அதுலதான் இருக்கு. அவ கேட்டா தாங்கமாட்டா. ஊரு ஜனத்துக்கு என்னா பதில் சொல்லுவேன்? எப்படியாவது தோண்டி எடுத்துக் குடு. ஜெயமணிக்கு மட்டும் தெரியக்கூடாது."

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. தமிழரசி முதுகுப் பக்கமாகக் கையை நீட்டி என்னை அப்படியே இரு என்று காட்டினாள்.

"வரும்ணே. கஷ்டம், ஆனா வரும். ஒரு கண்டிஷன். வர்ற படத்தையெல்லாம் பிரிண்டு போட்டு வீட்டுல மாட்டணும். மாட்டுவேன்னு சொன்னாத்தான் கை வைப்பேன்."

"மாட்டுறேன். எல்லாச் சுவத்துலயும் மாட்டுறேன்."

இரண்டு நாள் கழித்து, பௌர்ணமிக்கு முதல் நாள், பெட்டியோடும் காகிதக் கட்டோடும் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் தட்டி, "தூசு தட்டக் குடுத்திருந்தேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெயமணி, நான் ரொம்ப யோசிச்சேன். என்ன இருந்தாலும் படம்னா காகிதத்துல இருக்கணும். சுவத்துல மாட்டணும். எனக்குத் தோணுச்சு, பிரிண்டு போட்டுட்டேன்."

"இந்த யோசனையெல்லாம் உங்களுக்குத்தாங்க வரும்."

"ஒனக்கு இப்பதான் தெரியுதா" என்றார். சர்டிபிகேட்டை அவரே இறக்கி, அந்த ஆணியில் அம்மாவை மாட்டினார். மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பௌர்ணமியன்று ரங்கத்திலிருந்து மருதாயி சித்தி, இன்னும் இருபது பேர். சுவரெல்லாம் படம். கம்ப்யூட்டருக்கும் ஒரு மாலை. தமிழரசியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அழுது முடித்து, படையல் முடித்து, இலை போட்டதும் மருதாயி சித்தி என் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தாள்.

"ஏப்பா காத்தமுத்து, பெட்டி கெட்டுப்போச்சாமே. எப்படிச் சரி பண்ணுன?"

நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர். கேட்டால் சும்மா இருப்பாரா?

"அத ஏன் சித்தி கேக்கிற. எல்லாம் அழிஞ்சுபோச்சு. வேற ஒருத்தனா இருந்தா அப்பவே மெயின்லேண்டுக்கு அனுப்பியிருப்பான். நான் விடல. நாலு நாள், தூக்கம் இல்ல. உள்ள பூந்து ஒவ்வொரு ஆளா தேடித் தேடி வெளிய இழுத்தேன்."

"கடலுக்குள்ள குதிச்ச மாதிரியா?"

"அதவிட ஆழம் சித்தி."

கூட்டம் வாயைப் பிளந்தது. நான் தமிழரசியைப் பார்த்தேன். அவள் குனிந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தாள். இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. இவர் பெருந்தன்மையாக அவள் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தப் புள்ளையச் சும்மா சொல்லக்கூடாது. அதுவும் கொஞ்சம் ஒயரு கியரு புடிச்சுச்சு."

தமிழரசி ரொட்டியை மென்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள்.

"படம் அழியவே இல்ல சித்தி" என்றாள். "அண்ணே தூங்குறப்பவே நானும் அக்காவும் டிஸ்கக் கழட்டிட்டோம். அது அக்கா வீட்டு அரிசி டப்பாவுலதான் இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பளத் தட்டைப் பார்த்தேன். அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாலு நாளா நான் எதத்தான் சரி பண்ணுனேன்?"

"அது என் கடைக் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுத்திருந்த பழைய டிஸ்குண்ணே. நீங்க முடிக்கிற வரைக்கும் கதவு டம்மு டம்முன்னு அடிச்சு எனக்குத் தலைவலியே வந்துருச்சு."